ஐந்தாவது நகம்

இது நான் கேட்ட கதை. சொன்னவரும் இன்னொருவரிடம் கேட்டதுதான்.

நாகப்பட்டினத்தில் ஆவுடைநாயகம் என்று ஒரு கப்பல் வியாபாரி. அவருடைய சகலை சோணாசலத்திடம் சீனத்து நீல வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்த டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம். சீன அரண்மனைக்கு உரிய அடையாளம். ஆவுடைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. அலைந்து திரிந்து தானும் ஒரு தட்டு வாங்கி, அதுவும் ஐந்து நகம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

அதைக் காட்டவென்று வீட்டில் வைத்த விருந்தன்று சோணாசலம் தன் தட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து எண்ணினார். "உங்களுதுல நாலுதானே இருக்கு, சகலை?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைநாயகம் பாத்திரம் தேய்க்கும் இருளாயியைக் கூப்பிட்டார். "இவதான் தேச்சுத் தேச்சுக் காலுக்கு ஒரு நகத்தை அழிச்சுட்டா! பொழுது சாயறதுக்குள்ள அது திரும்பி வரணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

"அப்படின்னா இது வரம் வாங்கின கைதான் எசமான்," என்றாள் இருளாயி. "சகலை ஐயா தட்டையும் குடுங்க. அதுலயும் ஒண்ணைக் குறைச்சுடறேன். ரெண்டும் சமமாயிடும்."

ஆவுடைநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "தேய்! நல்லா அழுத்தித் தேய்!"

சோணாசலம் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார். அவள் புளியும் சாம்பலும் போட்டு வியர்க்க வியர்க்கத் தேய்த்தாள். தட்டு பளபளத்தது. ஐந்து நகமும் அப்படியே இருந்தன.

"போகலையே எசமான்," என்றாள். "உங்க தட்டுல மட்டும் எப்படிப் போச்சு?"

விருந்தாளிகள் ஆவுடைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். "சாப்பாடு ஆறுது, உட்காருங்க," என்று அவர் இலைப் பக்கம் நகர்ந்தார். இருளாயியின் வேலை தப்பியது.

கதையில் எவ்வளவு உண்மையோ, தெரியாது. ஒன்றை மட்டும் பிறகு சரிபார்த்தேன். நீலத்தைத் தீட்டிய பிறகுதான் அதன்மேல் கண்ணாடி போன்ற பூச்சைப் பூசிச் சூளையில் சுடுவார்கள். புளிபோட்டுத் தேய்த்தால் அது போகாது.