பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்

சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்யும் செண்பகவல்லியிடம் சூசை மாணவராகச் சேர்ந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தூத்துக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவர் சூசை. தொழிலை மச்சானிடம் விட்டுவிட்டு மனைவியோடு சென்னைக்கு வந்திருந்தார்.

"முதல்ல கேட்கப் பழகுங்க" என்று ஒரு படத்தின் டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பினார் செண்பகவல்லி.

அடுத்த வாரம் சூசை முகம் வாடி வந்தார்.

"மேடம், ஒண்ணும் விளங்கல."

"எது விளங்கல?"

"வீட்டுல டிஸ்க்கைப் போட்டா ஸ்டீரியோங்கு, டால்பிங்கு, டிடிஎஸ்ங்கு. எதை அமுக்கணும்னே தெரியல. மாத்தி மாத்திப் போட்டு முதல் சீனையே திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். பின்னால இருக்கிற ஸ்பீக்கர் ரெண்டும் வாயே திறக்க மாட்டேங்கு. வயரை மாத்தினேன். பிளேயரையும் மாத்தினேன்."

"அப்புறம்?"

சூசை தலை குனிந்தார்.

"அப்புறம் என் காது மேலதான் சந்தேகம். காலமெல்லாம் ஹாரன் ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னவன். வீட்டுல இன்னும் சொல்லல. காது போயிருந்தா பேசாம ஊருக்கே போயிரலாம்னு பாக்கேன்."

செண்பகவல்லி டிஸ்க்கை வாங்கித் தன் அறையில் இருந்த பிளேயரில் போட்டார். திரையில் அதே பெயர்கள் வந்தன.

"ஸ்டீரியோ முன்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கருக்கு. மத்தது ரெண்டும் சுத்தி இருக்கிற எல்லாத்துக்கும். ஒரே புடவையை ரெண்டு விதமா மடிச்சு வெச்ச மாதிரி."

"அதுல எது நல்லது?"

"மடிப்பைப் பார்த்துட்டே இருந்தா புடவையை எப்போ கட்டுறது?" என்றபடி ஏதோ ஒன்றை அழுத்தினார்.

படம் ஓடியது. ஒரு தாயும் மகனும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். பேச்செல்லாம் முன்னாலிருந்தே வந்தது. சூசையால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்ப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"இதுவும் செத்துக் கிடக்கு மேடம்."

"உட்காருங்க."

சூசை வந்து உட்கார்ந்து ரிமோட்டைத் தேடினார். செண்பகவல்லி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

படத்தில் மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனான். தாய் கதவைச் சாத்திவிட்டு வந்து தனியாக உட்கார்ந்தாள். பேச்சு இல்லை, இசையும் இல்லை. அவள் சும்மா உட்கார்ந்தே இருந்தாள்.

சூசையின் முதுகுக்குப் பின்னால் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்று திரும்பினார். பின்னால் சுவரும் ஸ்பீக்கரும்தான் இருந்தன. மறுபடி திரையைப் பார்த்தார். அந்தத் தாயும் தலையை நிமிர்த்தி அவர் திரும்பிய பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூசை தன் காதைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது.

"காது போகல மேடம்."

"ம்."

சற்று நேரத்தில் அவர் நெற்றி மறுபடி சுருங்கியது.

"இருந்தாலும் விளங்கல. இம்புட்டு நேரம் எதுக்குப் பின்னால இருக்கிற ஸ்பீக்கரைச் சும்மா வெச்சிருக்காங்க? எங்க ஊருல ஒரு ஹாரன் இப்படி ஊமையா நின்னா, கல்யாண வீட்டுக்காரன் சட்டையைப் பிடிச்சிருவான்."

செண்பகவல்லி படத்தை நிறுத்தினார்.

"படம் ஆரம்பிச்சதுலேருந்து அது கத்திட்டே இருந்திருந்தா, இப்போ திரும்பியிருப்பீங்களா சூசை?"