கிளி டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பு

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் கிளி பவளக்கொடி ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. அதுவும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம்! காட்டில் அதற்கு ஏக மவுசு.

தனக்கு இங்கிலீஷ் வந்த கதையை மட்டும் பவளக்கொடி யாரிடமும் சொன்னதில்லை. ஊர்ப் பள்ளி ஜன்னலில் ஒரு வருஷம் உட்கார்ந்து, பிள்ளைகள் கத்தியதை அப்படியே பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது சொல் அட்டைகளையும் வரிசை மாறாமல் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. எல்லாம் காதால் கேட்டதுதான். ஓர் எழுத்துகூடத் தெரியாது!

kit, kite, not, note, cub, cube என்று எழுதிய அட்டைகளை முள்ளால் மரத்தில் குத்திவைத்து, ஒவ்வொன்றாக அலகால் தொடும்.

"கிட்! கைட்! நாட்! நோட்! கப்! கியூப்!"

முயலும் அணிலும் டீச்சரின் வாயைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தும். கீரிக்குட்டி மாறன் மட்டும் அட்டையையே முறைத்துக்கொண்டிருக்கும்.

"டீச்சர்! கைட், நோட், கியூப் எல்லாத்துக்கும் கடைசியில ஒரே எழுத்து நிக்குது. அத நாம சொல்றதே இல்லையே, ஏன்?"

பவளக்கொடி அவசரமாக அடுத்த அட்டைக்குத் தாவியது.

"அதிகப்பிரசங்கி! வாய மூடிட்டுப் பாடத்தச் சொல்லு!"

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வதென்று மாறனுக்குப் புரியவில்லை.

நாவல் பழத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டிருந்த குரங்குகள், காட்டுக்குத் தலைவியான யானையிடம் போய்ப் புகார் சொல்லின. "அங்க யாரும் படிக்கல. சும்மா கத்துறதுக்கு மரம் எதுக்கு?"

யானை நேரிலேயே வந்தது. "பிள்ளைங்க வாசிச்சா மரம் பள்ளிக்கு. இல்லேன்னா குரங்குகளுக்கு!"

வெயில் தாங்காமல் காதை ஒரு வீசு வீசியது. அட்டைகள் பறந்து சிதறின. அணில் ஓடி ஓடிப் பொறுக்கி, கைக்குக் கிடைத்தபடி குத்திவைத்தது.

"ம், ஆரம்பிங்க டீச்சரம்மா!" என்றது யானை.

பவளக்கொடி முதல் அட்டையைத் தொட்டது.

"கிட்!" என்று வகுப்பே அலறியது.

"இல்ல, அது கியூப்!" என்றது மாறன்.

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. யானை கேட்டது, "எது சரி டீச்சரம்மா?"

மாறன் உளறுகிறது என்று சொன்னால் போதும், யானை நம்பிவிடும். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லக் கிளிக்கு நாக்கு எழவில்லை. பாவம், எத்தனை நாள் அந்தப் பிள்ளையை அடக்கிவைத்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"எனக்குத் தெரியாதும்மா. எனக்கு வாசிக்கவே தெரியாது! இந்தப் பிள்ளையக் கேளுங்க."

மாறன் தயங்கித் தயங்கிச் சொன்னது. "கடைசியில நிக்கிற எழுத்து வாயே திறக்காது. ஆனா நடுவுல இருக்கிற எழுத்த நீட்டிச் சொல்ல வைக்கும். அது இல்லாத அட்டையக் குறுக்கிச் சொல்லணும். அவ்வளவுதான்."

யானை அட்டைகளைக் கலைத்துக் கலைத்துக் காட்டியது. எத்தனை தடவை காட்டினாலும் ஒரே அட்டைக்கு மாறன் ஒரே சொல்லைத்தான் சொன்னது.

"ஒரு பிள்ளை வாசிச்சிடுச்சு. மரம் பள்ளிக்குத்தான்!" என்றது யானை. குரங்குகளின் முகம் தொங்கிப்போனது.

பவளக்கொடி கிளையைவிட்டு இறங்கி, முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

"மாறா, இன்னொரு தடவ மெதுவாச் சொல்லுப்பா. இப்ப நானும் அட்டையப் பாக்கிறேன்!"

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும்வரை யாருக்கும் படிப்பு ஏறாது. தெரியாது என்று ஒப்புக்கொண்ட அன்றுதான் படிப்பே ஆரம்பமாகிறது.