புங்கந்தோட்டத்துக் காருக்கு வயர் வாங்கப் போன கதை

தாராபுரத்துக்கு மேற்கே, நிற்கலாமா வேண்டாமா என்று பஸ்ஸே யோசித்துக்கொண்டு கடந்து போகிற ஊர்களில் புங்கந்தோட்டமும் ஒன்று. அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு கார். அதற்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர். மூத்தவர் சென்னியப்பன்; யோசிப்பது அவர் வேலை. அடுத்தவர் அவருடைய தம்பி செங்கோடன். அண்ணன் யோசித்தது சரிதானா என்று பார்ப்பது அவர் வேலை. மூன்றாவது ஆள் நாச்சிமுத்து, இவர்களுடைய தங்கச்சி தெய்வானையின் வீட்டுக்காரர். காரை ஓட்டுவது அவர்.

மூன்று பேரும் தங்கமான மனிதர்கள். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள், ஓர் எழுத்தைக்கூட விடமாட்டார்கள். வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள் கார் சூடாகி ஆவி விட்டது. வழியில் போன லாரிக்காரர் ஒருவர், கொஞ்ச நேரம் ஆற விட்டு எடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அது இவர்கள் காதில் ஆற்றில் விட்டு எடுக்கச் சொன்னதாக விழுந்தது. அமராவதி பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விட்டார்கள். மறுநாள் டிராக்டர் வைத்து எடுத்தார்கள்.

தாராபுரத்திலிருந்து மெக்கானிக் ஆரோக்கியசாமி வந்து பானட்டைத் திறந்தார். முதலில் ஒரு கெளுத்தி மீனை எடுத்து வெளியே போட்டார். பிறகு எஞ்சினைப் பார்த்துவிட்டு, இது இனி தேறாது என்றார். அவருடைய ஷெட்டில் ஒரு வேன் எஞ்சின் நல்லபடியாகக் கிடந்தது. அதைத் தூக்கி இதில் வைத்துவிடலாம். ஆனால் அது இந்தக் காலத்து எஞ்சின். உடம்புக்கு நரம்பு மாதிரி அதற்கு வயரிங் செட். அது சரியாக அமையாவிட்டால் எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மாது.

"எப்ப ஓடுமுங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார். அவருக்கு அவசரம் இருந்தது. தெய்வானைக்கு டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டே நாள்தான் பாக்கி. தலைப்பிரசவம். ஊரில் வேறு வண்டி கிடையாது.

நீங்கள் இரண்டு வேலை செய்து கொடுத்தால் பத்து நாளில் ஓடும் என்றார் ஆரோக்கியசாமி. ஒன்று, பழைய வயரையெல்லாம் கழற்றி ஒவ்வொன்றுக்கும் பேர் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். இரண்டு, கோயமுத்தூர் போய் எஞ்சினுக்கும் காருக்கும் பொருத்தம் பார்த்து ஒரு வயரிங் செட் வாங்கி வர வேண்டும். சொல்லிவிட்டு அவர் எஞ்சினை எடுத்துவரப் போனார்.

கழற்றியதில் அறுபத்துநாலு வயர் தேறியது. தடித்த சிவப்பு வயருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வெங்கிடாசலத்தின் பேரை வைத்தார்கள். அதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருபது வயர் வரை உறவுக்காரர்கள் பேர் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் வாக்காளர் பட்டியலை வாங்கி வந்தார்கள்.

தெய்வானை வீங்கிய காலை முக்காலிமேல் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கூறு உள்ள ஆள் அவள் ஒருத்திதான். ஆரோக்கியசாமி எழுதச் சொன்னது ஹாரன், லைட் என்கிற மாதிரிப் பேர் என்று அவள் எடுத்துச் சொன்னாள்.

சென்னியப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மிணி, லைட்டுங்கறது அது செய்யற வேலை. வேலை வேற, பேரு வேற. உங்கூட்டுக்காரன் டிரைவர். அவனை டிரைவருன்னா பேரு வெச்சாங்க?"

"நாச்சிமுத்துன்னுதான் வெச்சாங்க," என்று செங்கோடன் சரிபார்த்துச் சொன்னார். தெய்வானை கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மூவரும் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார்கள். கடைக்காரர் பொறுமைசாலி. என்ன எஞ்சின் என்று கேட்டார். வேன் எஞ்சின் என்றார்கள். என்ன வேன் என்று கேட்டார். ஓடாத வேன் என்றார்கள். அப்படியானால் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் அவர். மூன்று பேரும் இரண்டு பஸ் மாறி ஊருக்குத் திரும்பினார்கள். ஆரோக்கியசாமி கொண்டுவந்து இறக்கியிருந்த எஞ்சின் எதிரில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அடுத்த நாள் மறுபடி இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போனார்கள்.

"பாத்துட்டோமுங்க," என்றார் சென்னியப்பன்.

"என்ன பாத்தீங்க?"

"எஞ்சினைத்தானுங்க. நல்லா இருக்குதுங்க."

கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். பிறகு ஆரோக்கியசாமிக்கு போன் போட்டு எஞ்சின் விவரத்தையும் கார் விவரத்தையும் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் இரண்டு வயர் மூட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று அந்த எஞ்சின் இருந்த வேனுடையது. மற்றது இவர்கள் கார் வகையைச் சேர்ந்தது. எது வேண்டும், பொருத்தம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பொருத்தம் என்று வந்துவிட்ட பிறகு அதைக் கடையில் வைத்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. நாச்சிமுத்துவைக் கடையில் அடமானமாக உட்காரவைத்துவிட்டு, அண்ணனும் தம்பியும் இரண்டு மூட்டைகளையும் சுமந்துகொண்டு நாலு தெரு தள்ளியிருந்த ஜோசியரிடம் போனார்கள். காருக்கு ஆர்சி புத்தகத்தில் பிறந்த மாதமும் வருஷமும் இருந்தன. எஞ்சினுக்கு அதன்மேல் பொறித்திருந்த நம்பரைச் சொன்னார்கள். ஜோசியர் இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று கட்டம் போட்டார். பத்தில் ஒன்பது பொருத்தம் அமோகமாக இருக்கிறது, ரஜ்ஜு மட்டும் தட்டுகிறது என்றார்.

"ரஜ்ஜுன்னா என்னங்க?"

"கயிறு."

சகோதரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நிம்மதியோடு பார்த்துக்கொண்டார்கள். "அதைத்தானுங்க வாங்க வந்திருக்கறோம்," என்றார் செங்கோடன்.

பொருத்தம் முடிந்தது. இனி எந்த மூட்டை என்பதுதான் கேள்வி. கடைக்குத் திரும்பி, வாசலிலேயே மூவரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"இதுல மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாரு?" என்று தொடங்கினார் சென்னியப்பன்.

"காரு எங்கீம் போகலை, நம்ம வாசல்லயே நிக்குது. எஞ்சின்தான் வேற எடத்துலயிருந்து வருது. அப்ப எஞ்சின்தான் பொண்ணு," என்றார் செங்கோடன்.

"பொண்ணு வர்றப்ப பொறந்த ஊட்டுச் சீரோடதான வருமுங்க," என்றார் நாச்சிமுத்து. அவர் அனுபவத்தில் பேசினார்.

எழுந்து போய், எஞ்சின் வீட்டு வயரைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கடைக்காரர் அசந்துவிட்டார். நிறையப் பேர் காரைப் பார்த்து வயர் வாங்கிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள், எஞ்சினைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். ஜோசியர் என்றார்கள். கடைக்காரர் மூட்டையைக் கட்டிக் கொடுத்தார்.

ஆரோக்கியசாமி எஞ்சினை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, புது வயரைக் காரின் பழைய வயரோடு சேர்க்க உட்கார்ந்தார். முன் லைட்டுக்குப் போகிற வயர் எது என்று கேட்டார். அது முத்துக்கவுண்டர் என்றார்கள். ஸ்டார்ட்டர்? அது மயிலாத்தாள். அவர் இரண்டு வயரை எடுத்து ஒன்றாக முறுக்கப் போனபோது செங்கோடன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவீங்க ரெண்டு பேரையும் சேர்க்காதீங்க. வேலித் தகராறுல ஏழு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லீங்க."

ஆரோக்கியசாமி இரண்டு வயரையும் கீழே போட்டார். பிறகு அறுபத்துநாலு பேர்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு சின்ன பல்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகச் சோதித்து, நாலு நாளில் வேலையை முடித்தார். முடித்த கையோடு அவர் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது ஒரே ஒரு புத்திதான் சொன்னார். நாளை முதல் தடவை ஸ்டார்ட் செய்கிறபோது புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் யோசிக்காமல் பெரிய வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

யோசிக்காமல் செய்ய வேண்டிய வேலை என்பதால் சென்னியப்பனை மறுநாள் இரண்டு சோளக்காடு தள்ளிப் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர் போய்ப் பனைமரத்தடியில் நின்றார். புது எஞ்சின் ஆயிற்றே என்று காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, முன்னால் சாம்பிராணி போட்டார்கள். நாச்சிமுத்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே பிடியில் உயிர் பெற்றது. புகை கும்மென்று எழுந்தது. செங்கோடன் வயரைப் பிடுங்கினார்.

வயரை மாட்டி, சாம்பிராணி போட்டு, மறுபடி சாவியைத் திருப்பினார்கள். மறுபடியும் புகை. மறுபடியும் பிடுங்கினார். ஐந்தாவது தடவைக்கு நாச்சிமுத்துவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி புகையால், பாதி பயத்தால். பத்து நாளாக அவர் சரியாகத் தூங்கவில்லை. இந்த வண்டி ஓடாவிட்டால் பெண்டாட்டியை எதில் கூட்டிப்போவது என்று அவர் வாய்விட்டுக் கேட்டார்.

தெய்வானை உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்தாள். ஒரு குடம் தண்ணீரைச் சாம்பிராணித் தட்டில் கவிழ்த்தாள். வயரைத் தானே மாட்டினாள். பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "வலி எடுத்துருச்சுங்க, எடுங்க," என்றாள்.

கார் பறந்தது. போகிற வழியில் பனைமரத்தடியில் சென்னியப்பனையும் ஏற்றிக்கொண்டார்கள். நாச்சிமுத்து அன்றைக்கு ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. நடுப்பகலுக்குள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தெய்வானையை நர்ஸ் ஒருவர் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனார். மூவரும் பின்னாலேயே ஓடப் பார்த்தார்கள். அப்போதுதான் சுவரில் இருந்த போர்டு கண்ணில் பட்டது. சென்னியப்பன் எழுத்துக்கூட்டி வாசித்தார்: 'வாகனத்தின் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே காத்திருக்கவும்.'

இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானட் திறந்திருந்தது. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர், விசிறி படாத பக்கமாகப் படுத்து, இரண்டு கையாலும் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் அடுத்த முறைக்குத் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாயும் பிள்ளையும் சுகம், பெண் குழந்தை, அப்பா யார் என்று நர்ஸ் கேட்டார்.

எஞ்சின்மேல் கிடந்த நாச்சிமுத்து தலையை மட்டும் திருப்பினார். முகம் சிவந்து, வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"நாந்தானுங்க சிஸ்டர். கொழந்தையக் கொஞ்ச நேரம் நீங்களே அணைச்சிட்டு இருங்க. இங்க என் முறை முடிய இன்னும் பத்து நிமிசம் இருக்குதுங்க."