யார் முன்னால் போவது

“ஒருத்தன் இருக்கான் லீலாக்கா, கள்ளப் பய. பந்தயம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால காத்து படாம ஒளிஞ்சு வாறான். கோடு கண்ணுல பட்டதும் பாய்ஞ்சு முந்திருதான். இது மூணாவது தடவை!”

சைக்கிள் அணியில் ஜெபினுக்கு இது முதல் வருஷம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு ஒரே ஓர் இடம் பாக்கி. அது யாருக்கு என்பது பயிற்சியாளர் புஷ்பலீலாவின் கையில்.

“பின்னால இருந்து என்ன சொன்னான்?”

“காலு செத்துப்போச்சு, நீயே இழுத்துட்டுப் போன்னான். பாவம்னு நெனச்சேன்.”

லீலா தன் சைக்கிளை எடுத்தாள்.

“ரயில்வே கேட் வரைக்கும் வா. என்னை முந்தினா ஞாயித்துக்கெழமை நீதான்.”

ஆரல்வாய்மொழிக் காற்று எதிரே வந்து முகத்தில் அறைந்தது. இரண்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, லீலா முனக ஆரம்பித்தாள்.

“மக்கா, கால் முட்டு பிடிச்சிட்டுலே. நாப்பத்தாறு வயசாச்சுல்லா.”

ஜெபின் பதறிப்போய் முன்னால் ஏறினான். அத்தனை காற்றையும் தன் நெஞ்சில் வாங்கினான். கேட்டுக்கு நூறு மீட்டர் இருக்கையில் லீலா சீட்டியடித்துக்கொண்டு அவனைக் கடந்தாள்.

“அக்கா... முட்டு?”

“சொகமாயிட்டு.”

அவன் ஹேண்டில்பாரில் ஓங்கிக் குத்தினான்.

“இன்னொரு தடவை. பாலம் வரைக்கும்.”

“பேரமா? சரி, வா.”

இந்தத் தடவை அவன் முன்னால் போகவில்லை. அவளும் போகவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள். அவன் அதைவிடக் குறைத்தான். ஓரமாக நடந்து வந்த ஆடு ஒன்று இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முந்திப் போயிற்று. கடைசியில் இரண்டு சைக்கிளும் நடுரோட்டில் நின்றேவிட்டன. காலை மட்டும் யாரும் ஊன்றவில்லை.

பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா, சைக்கிள் ஓட்டத் தெரியலேன்னா வீட்ல போய்ப் படிச்சிட்டு வா!”

ஜெபின் அவள் காதைப் பார்த்தான். சிவந்துகொண்டிருந்தது.

லீலாக்காவுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும். ஒரு பேச்சை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மட்டும் தெரியாது.

அவள் திரும்பினாள். “யாருக்குவே ஓட்டத் தெரியாது? எறங்கி வாரும் கீழ...”

ஜெபின் பாய்ந்தான்.

பாலம் வந்தபோது அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் பஸ்ஸே கைதட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி, எதிர்க்காற்றையும் கிழித்துக்கொண்டு, பாதி சிரிப்பும் பாதி வசவுமாக ஒரு குரல் வந்தது:

“எலேய்! திரும்பி வாலே! வந்து ஒழுங்கா, மரியாதையா ஜெயிச்சுக் காட்டுலே!”