முட்டையிடாத குற்றம்

ஆள்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அழகான எதைக் கண்டாலும் கூண்டில் போட்டுப் பார்க்கத் தோன்றும். மகிபால மகாராஜாவுக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

மலைக்காட்டில் ஒரு புறாவைப் பார்த்தார். சாம்பல் உடல், செம்பழுப்பு முதுகு, பிடரியில் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளைக் கட்டம். உடனே ஒரு சோடியைப் பிடித்துத் தங்கக் கூண்டில் அடைத்தார்கள். "மூன்றே மாதத்தில் நூறு குஞ்சு" என்று வாக்குக் கொடுத்தார் மந்திரி ஆதிமூலம். காட்டின் வாசலைக்கூடப் பார்க்காதவர். காட்டிலாகா அவர் கையில்தான் இருந்தது.

மூன்று மாதம் போயிற்று. ஒரு முட்டைகூட இல்லை. குற்றவாளி வேண்டுமே! காட்டில் குடியிருந்த பொம்மனைக் கட்டி இழுத்துவந்தார்கள்.

"இவன்தான் ஏதோ செய்துவிட்டான், மகாராஜா. இவன் கூட்டத்தையே காட்டைவிட்டுத் துரத்த வேண்டும்" என்றார் மந்திரி.

"சாமி, அது நெய்ச்சோறு தின்னாது. காட்டத்தி, சாதிக்காய்ப் பழம், அப்பப்ப ஒரு நத்தை, அதுதான் தீனி. கூட்டுக்கு ஒரே முட்டைதான் வைக்கும். அதுவும் மரத்துலதான்" என்றான் பொம்மன்.

"அரண்மனைச் சாப்பாட்டையா குறை சொல்கிறாய்? எட்டு நாளில் முட்டை வராவிட்டால் நீங்கள் யாரும் காட்டில் இருக்கக்கூடாது" என்றார் ராஜா.

விகடகவி சாத்தப்பன் கூண்டருகே போய்ப் பறவைகளைக் கும்பிட்டான்.

"என்னய்யா கூத்து இது?" என்றார் ராஜா.

"இந்த ராஜ்யத்தில் சட்டத்தை மதிக்கிற இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன், மகாராஜா. இளவரசர் கல்யாணம் முடியும்வரை நாட்டில் யாரும் கல்யாணம் செய்யக்கூடாது, பந்தல் போடக்கூடாது என்று போன பங்குனியில் முரசு அறைந்தோம் அல்லவா? இந்தக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் அறைந்தார்கள். பாவம், இரண்டும் கேட்டுவிட்டன."

"பறவைக்கு என் சட்டம் எப்படித் தெரியும்?"

"தெரியாதென்றால், முட்டையிடச் சொன்ன ஆணை மட்டும் அதற்கு எப்படித் தெரியும்? தெரியுமென்றால், அது முந்தைய ஆணைக்கு அடங்கி நிற்கிறது. இரண்டில் எதற்காக இந்த மனிதனைக் கட்டிவைத்திருக்கிறோம்?"

ராஜா யோசித்தார். பிறகு சிரித்தார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சபையும் சிரித்தது. மந்திரிதான் எல்லோரையும்விட உரக்க. கட்டு அவிழ்ந்தது. கூண்டும் திறந்தது.

"பொம்மா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா, பெருந்தன்மையோடு.

"அங்க நாலு சோடி கூடு கட்டிக்கிட்டிருக்கு, சாமி. உங்க முரசை மட்டும் மலையேத்தாம இருந்தா போதும்."