ரெண்டு மைதானத்துக் கீப்பர்

எங்க ஊர் மில்லில் செபஸ்தியான் என்று ஒரு தொழிலாளி. ஃபுட்பாலில் கோல்கீப்பர், கிரிக்கெட்டில் விக்கெட்கீப்பர். ஒரு வருஷம் ரெண்டு ஃபைனலும் ஒரே மத்தியானத்தில், வேற வேற ஊரில் வந்துவிட்டது.

கிரிக்கெட் கேப்டன் மில் மேனேஜர் தாமோதரன்தான். "ரெண்டு கப்பும் வரணும். எதுல நீ இல்லாட்டியும் வேலை போயிரும்ல," என்றார்.

"சரிங்கய்யா. நாம முதல்ல பேட்டிங் பிடிச்சா நீங்க எவ்வளவு நேரம் ஆடுவீங்க?"

மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டு எல்லோரும் கேட்கும்படி சொன்னார். "பொழுது சாயிற வரைக்கும் என்னை எவம்ல அவுட்டாக்குவான்?"

அன்றைக்கு டாஸ் ஜெயித்து அவர் பேட்டிங் பிடித்ததும் செபஸ்தியான் சைக்கிளில் ஃபுட்பாலுக்குப் போய்விட்டான். மேனேஜர் ரெண்டாவது பந்திலேயே அவுட். மற்றவர்களும் மளமளவென்று திரும்பி வந்தார்கள். கீப்பர் இல்லாததால் மேனேஜரே நின்று, மூக்கில் பந்து வாங்கி, கப்பைக் கோட்டைவிட்டார்.

பொழுது சாய, ஃபுட்பால் கப்போடு செபஸ்தியான் வந்து சேர்ந்தான்.

"இப்பத்தான் வாறியால? உனக்கு இனி வேலை கிடையாது."

"முன்னாடியே வந்து நின்னா, உங்க ஆட்டத்த நான் நம்பலைன்னு ஆகிராதாய்யா?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். 'நான் சீக்கிரம் அவுட்டாவேன்னு உனக்குத் தெரியாதா' என்று எந்த மேனேஜர் கேட்பார்? மறுநாள் சங்கு ஊதியதும் செபஸ்தியான் முதல் ஆளாக மில்லுக்குள் போனான்.