கழற்றிய வால்வு

மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் நடுவே தினமும் ஏறி இறங்கிய கார் ஒன்றில் ஒரு சின்ன வால்வு குடியிருந்தது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் டர்போ, எப்போது எவ்வளவு ஊத வேண்டும் என்று அளந்துவிடுவது அதன் வேலை. கட்டளை காரின் கம்ப்யூட்டரிடமிருந்து வரும். கொண்டுவருவது ஒரு வயர். வந்ததும் வால்வு 'டிக்' என்று திறக்கும், 'டிக்' என்று மூடும். மனிதர் காதுக்கு எட்டும்படி அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் கொண்டை ஊசி வளைவொன்றில் எஞ்சின் குலுங்கியபோது கட்டளை வரவில்லை. வளைவு தாண்டியதும் வந்தது. அடுத்த வளைவில் மறுபடி நின்றது.

"என்னாச்சு?" என்று வால்வு வயரைக் கேட்டது.

"மெதுவாப் பேசு. என்னைப் பிடிச்சுக் கட்டியிருக்கிற தகரக் கிளாம்ப்ல உரசி உரசி உள்ளுக்குள்ள அறுந்துட்டேன். மேல்தோல் அப்படியே இருக்கு. நின்னா ரெண்டு முனையும் தொட்டுக்கும். குலுங்கினா விட்டுப்போகும்."

"கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடு."

"சொல்றதுக்கும் நான்தானே போகணும்? போய், 'நான் அறுந்துட்டேன்'னு நானே சொல்லிக்கணுமா?"

சமதரையில் கம்ப்யூட்டரின் குரல் வந்தது.

"கட்டளை அனுப்பினேன். நீ செய்யவில்லை."

"எனக்கு வந்து சேரவே இல்லைங்க."

"அனுப்பியதற்கு என்னிடம் பதிவு இருக்கிறது. வந்து சேராததற்கு உன்னிடம் என்ன இருக்கிறது?"

கம்ப்யூட்டர் வால்வின் பெயரில் ஒரு பிழையை எழுதி, ஓட்டுபவர் முன்னால் மஞ்சள் விளக்கை ஏற்றிவிட்டு, டர்போவை அடக்கிவைத்தது.

"உன்னால எனக்குக் கெட்ட பேர்" என்றது டர்போ. "டவுன் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிச்சுட்டு முந்திப்போகுது."

கார் ஆல்துரையுடையது. மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு நாலு டீச்சர்களை ஏற்றிப் போகிறவர். அவர் திருமூர்த்தியின் பட்டறைக்கு வண்டியை ஓட்டி வந்தார்.

"இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. டீச்சருங்க இறங்கித் தள்ளாத குறை."

திருமூர்த்தி, கம்ப்யூட்டர் எழுதிவைத்த பிழையைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "டர்போ வால்வுதானுங்க. பேரே வந்திருச்சு பாருங்க."

பிறகு வால்வின் சாக்கெட்டைக் கழற்றி நேராக பேட்டரி கரண்ட் கொடுத்தார். டிக், டிக், டிக். பிறந்ததிலிருந்து அவ்வளவு தெளிவாக அது பேசியதில்லை. திருமூர்த்தியின் கை ஒரு கணம் நின்றது. நின்ற வண்டியில், ஆறின எஞ்சினில், வயரை மீட்டர் வைத்துச் சோதித்தார். வயர் அசையாமல் படுத்திருந்தது. மீட்டர் 'பீப்' என்றது.

"வயரும் நல்லாருக்கு, வால்வும் நல்லாத்தான் அடிக்குது" என்று முனகினார். மறுபடி ஸ்கேனரைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

வால்வைக் கழற்ற ஸ்பேனர் போல்ட்டைப் பிடித்தபோது அது வயரைப் பார்த்துக் கத்தியது. "இப்பவாவது சொல்லு!"

"நீ போனா ரெண்டு போல்ட்டோட போச்சு. என்னைத் தேடினா மொத்த வயர்க் கட்டையும் பிரிப்பாங்க" என்றது வயர்.

கழற்றிய சாமானை வண்டிக்காரர் கையில் காட்டுவது பட்டறை வழக்கம். அன்று ஆல்துரைக்கு அவசரம். புது வால்வு மாட்டியதும் பார்க்காமல் போய்விட்டார். வால்வு அலமாரி ஓரத்தில் கிடந்தது.

நாலாம் நாள் கார் திரும்பி வந்தது. புது வால்வு, அதே மஞ்சள் விளக்கு. கிடந்த இடத்தில் வால்வுக்கு அப்படியொரு சந்தோஷம்.

திருமூர்த்தி எலக்ட்ரீஷியன் ஹக்கீமை வரவழைத்தார். ஹக்கீம் பானெட்டைத் திறந்ததும், "நிறுத்தி வெச்சுக் கேட்டா எவனும் நல்லவனாத்தான் இருப்பான். ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஸ்கேனரில் பழைய பிழையை அழித்து விளக்கை அணைத்துவிட்டு, ஓடுகிற எஞ்சினில் வயர்க் கட்டைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தார். கிளாம்ப் பக்கம் கை வந்ததும் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது.

தோலைக் கீறினார். உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டாகக் கிடந்தது. பற்றவைத்து, புது உறை மாட்டி, கிளாம்ப்பில் உரசாத பக்கமாகத் திருப்பிக் கட்டினார். வயர் பளபளவென்று இருந்தது.

அலமாரியில் கிடந்ததை ஹக்கீம் எடுத்துப் பார்த்தார். "இது என்ன பாவம் பண்ணுச்சு? அருமையான வால்வு. புதுசைக் கழட்டிட்டு இதையே போடுங்க."

வால்வு அவர் உள்ளங்கையில் காத்திருந்தது.

திருமூர்த்தி வாசலைப் பார்த்தார். ஆல்துரை டீ குடித்துக்கொண்டிருந்தார். "கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போட்டனுங்க பாய்."

"இல்லைன்னு சொல்லுங்க."

"பதினெட்டு வருஷமா இந்தப் பட்டறையை வெச்சிருக்கேன்."

ஹக்கீம் வால்வை இருந்த இடத்திலேயே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆல்துரை கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னிக்குப் பார்க்கலைங்கண்ணா. அந்தப் பழைய வால்வைக் காட்டுங்க."

"இதோ வந்துட்டனுங்க."

திருமூர்த்தி வால்வை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். 'ஆல்துரை கையிலாவது டிக்னு அடிச்சுக் காட்டலாம்' என்று வால்வு நினைத்தது. திருமூர்த்தி கட்டிங் பிளேயரால் அதன் குழாய் மூக்கை ஒடித்தார். கழிவு ஆயில் டப்பாவில் முக்கி எடுத்து, பழந்துணியில் லேசாகத் துடைத்து, வெளியே கொண்டுவந்தார்.

ஆல்துரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இவ்வளவு மோசமாவா?"

"இது கெட்டு, அந்த நல்ல வயரையும் கெடுத்திருச்சுங்க. இதை வெச்சுட்டு நீங்க மலை ஏறினதே பெருசு."

வால்வு 'டிக்' என்று சொல்லப் பார்த்தது. ஒடிந்த மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு வந்தது.

கம்ப்யூட்டர் எழுதியது உண்மையாகிவிட்டது.